பாத்ரூம் டிரம்மும் ஐந்தாம் நம்பர் ஒயினும்

என் அக்காவைக் கட்டியவருக்கு உலகத்தில் எதுவும் வெறும் சிவப்பு கிடையாது. தக்காளி ஒரு நம்பர், தபால் பெட்டி ஒரு நம்பர், கோபம் வந்தால் என் அக்காவின் மூக்கு நுனி இன்னொரு நம்பர். இருபத்தாறு வருடமாக ஒரே பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறவர் அப்படித்தான் இருப்பார் போலிருக்கிறது. சட்டைப் பையில் எந்நேரமும் நிற அட்டை ஒன்று எட்டிப் பார்ப்பதால் கடையில் அவருக்கு ‘கார்டு’ என்று பெயர். எனக்கு அத்தான்.

அந்தக் கடையில் நிறம் கலக்க மெஷின் இருக்கிறது. நம்பரைத் தட்டினால் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரும். ஆனால் ஜனங்கள் நம்பரோடு வருவதில்லை. உதிர்ந்த சுவர்ப்பூச்சுத் துண்டு, சோபா உறையிலிருந்து பிய்த்த நூல் என்று எதையாவது எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒரு அம்மா தன் நாயையே கூட்டிவந்து, இதன் காது நிறத்தில் கதவு வேண்டும் என்றார். அப்போதெல்லாம் மெஷின் கையை விரித்துவிடும். முதலாளி ‘கார்டு!’ என்று குரல் கொடுப்பார். அத்தான் அந்த நாயைக் கடை வாசலுக்கு அழைத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் அதன் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து கறுப்பில் இரண்டு சொட்டு, மஞ்சளில் ஒன்று என்று டப்பாவில் விட்டுக் கலக்கி, மூடியில் விரலால் ஒரு தீற்றல் வைத்து, தலைமுடி காயவைக்கும் மெஷினால் அதைக் காயவைத்தார். மூடியைக் காதோடு சேர்த்து வைத்தபோது எது நாய், எது மூடி என்று தெரியவில்லையாம்.

நான் சுலபத்தில் யாரையும் பாராட்டுகிறவன் இல்லை. நான் பல்செட் செய்கிறவன். எனக்கு மொத்தமே பதினாறு வெள்ளை. அதிலேயே வாரம் ஒருமுறை தடுமாறி டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். ஆகவே அத்தானின் கண்ணைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. வாயைப் பற்றித்தான் கிடையாது. ஒரு விஷயத்தில் எப்போதும் சரியாக இருக்கிற மனிதர், எல்லா விஷயத்திலும் தான் சரி என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறார். பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் அனுபவிக்க வேண்டியிருக்கிறது.

அப்படி நாங்கள் அனுபவித்தவற்றில் பெரியது ஒயின். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மார்க்கெட் மூடுகிற நேரத்தில் இரண்டு பெட்டி கறுப்பு திராட்சையோடு வீட்டுக்கு வந்தார். எதற்கு என்று அக்கா கேட்டாள். “கலரைப் பாரு” என்றார். வேறு காரணம் எதுவும் இல்லை. அந்தக் கலர் அழுகிப் போகாமல் இருக்க என்ன வழி என்று நாலு பேரை விசாரித்து, அறுபது லிட்டர் வெள்ளை டிரம் ஒன்றை வாங்கிவந்து, திராட்சையைப் பிசைந்து போட்டு, மூடியிலிருந்து ஒரு டியூபைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார். டிரம்மை வைக்க இருட்டான, குளிர்ச்சியான, பொங்கினால் கழுவிவிடக்கூடிய இடம் வேண்டும். வீட்டில் அப்படி ஓர் இடம்தான் இருந்தது. அது இரண்டாவது பாத்ரூம்.

முதல் ஈடு காடியாகப் போனது. சாக்கடை அடைப்பு எடுக்கப் பயன்பட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஈடு ஒரு மத்தியானம் மூடியைத் தூக்கி எறிந்துகொண்டு கூரை வரைக்கும் போனது. அக்காவும் அவள் பெண்கள் இரண்டு பேரும் துடைப்பத்தோடு நிற்க, அத்தான் அண்ணாந்து பார்த்து, “காய்ஞ்சதும் என்ன அழகா வந்திருக்கு பாரு” என்றார். அன்றைக்கு அவரை யாரும் எதுவும் செய்யவில்லை என்பதிலிருந்தே என் அக்காவின் பொறுமையைத் தெரிந்துகொள்ளலாம்.

அக்காவின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். அவளுக்குத் தபால் பிரிக்கிற வேலை. காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கல்லூரி போகிற பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி பாத்ரூமுக்குள் போனால் மற்றவள் பரீட்சைக்கே படித்து முடித்துவிடலாம். டிரம் வந்ததிலிருந்து நாலு பேருக்கு ஒரே பாத்ரூம். அதனால் அக்கா நாலு மணிக்கே எழுந்து, மற்றவர்கள் எழுவதற்குள் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடுவாள். இரண்டு வருடமாகத் தன் வீட்டில் தான் நிதானமாகக் குளித்ததில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அத்தான் செய்ததை ஒரு சொட்டுகூட அவள் வாயில் வைத்ததில்லை. “குளிக்கிற இடத்துல செஞ்சதை மனுஷன் குடிப்பானா?” என்பாள்.

மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் நாங்கள் எலக்ட்ரீஷியன் வீட்டில் கூடுவோம். எலக்ட்ரீஷியன் அத்தானின் பழைய சிநேகிதர்; எனக்கு அண்ணன் மாதிரி. அவர் மனைவியை அண்ணி என்பேன். எதிர் மாடியில் இருக்கிற வாத்தியாரும் வருவார். சீட்டாடுவோம், இல்லாவிட்டால் சும்மா வம்பளப்போம். போன மாதக் கூட்டத்தில் அத்தான் தன் மூன்றாவது ஈட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கடையில் விற்கிற ஒயினெல்லாம் அதன் காலைக் கழுவ வேண்டும் என்கிற இடத்துக்கு வந்தபோது அக்கா சீட்டைக் கீழே வைத்தாள்.

“சரி. ஆளுக்கு ஒன்னா அஞ்சு ஒயின் வைப்போம். எது யாரோடதுன்னு யாருக்கும் தெரியக்கூடாது. எல்லாரும் மார்க் போடட்டும். உங்களோடது கடைசியா வந்தா அன்னிக்கே டிரம் பாத்ரூமை விட்டுப் போகணும்.”

“கடைசியா வரலைன்னா?”

“அப்புறம் அந்த டிரம்மைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். சாகற வரைக்கும் நாலு மணிக்கே எழுந்து குளிக்கிறேன்.”

முதலாக வரவேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. கடைசியாக வராமல் இருந்தால் போதும். இவ்வளவு சுலபமான பந்தயமா என்று அத்தானே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அக்கா தன் சார்பில் ஒரு புட்டி வாங்க ஊரிலேயே பெரிய கடைக்குப் போய், இருப்பதிலேயே உசத்தியானதைக் கேட்டு வாங்கியிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு அந்த பாத்ரூம் வேண்டும். அத்தானுக்கு அந்த டிரம் வேண்டும். நடுவில் நான், சூப்பர் மார்க்கெட்டில் இருப்பதிலேயே மலிவான புட்டியோடு போனேன். அது திருகு மூடி. திறக்கச் சுலபம் என்று எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போனால் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடி, கூடத்தில் மஞ்சள் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். ஒயின் குடிக்கிற இடம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். அண்ணி குடிக்க மாட்டார் என்பதால் அவர்தான் நடுவர். ஐந்து புட்டிகளையும் சமையலறைக்குள் வாங்கிக்கொண்டு, பழைய செய்தித்தாளில் சுற்றி, ஒயர் ஒட்டுகிற கறுப்பு டேப்பால் இறுக்கி, ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் எழுதி எடுத்து வந்தார். அத்தான் தன்னுடையதைக் கடை ஒயின் புட்டி ஒன்றில்தான் ஊற்றிக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் ஒரே மாதிரி கட்டுப் போட்ட நோயாளிகளாக மேஜையில் நின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு கிளாஸ், வாய் கொப்பளிக்கத் தண்ணீர், கடிக்கக் கொஞ்சம் வெறும் ரொட்டி. மார்க் பத்துக்கு. சீட்டில் எழுதி மடித்து வாத்தியாரிடம் கொடுத்துவிட வேண்டும்.

முதல் ஒயின் ஊற்றியதுமே யார் யார் எப்படி என்று தெரிந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு “அருமை” என்றார். அவர் எதற்கும் ஏழுக்குக் கீழே போடமாட்டார். யாரோ கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறார்களே என்பார். வாத்தியார் ஆறுக்கு மேலே போடமாட்டார். ஏழு மார்க் வாங்குகிற பிள்ளையை அவர் இன்னும் பார்க்கவில்லையாம். நான் ஒரு வாய் குடித்ததும் கண்ணாடியில் போய்ப் பல்லைப் பார்த்தேன். கறை பிடிக்கிற விதத்தை வைத்து எனக்கு ஒரு கணக்கு உண்டு. அக்கா கடிதம் பிரிக்கிற வேகத்திலேயே வேலையை முடித்தாள். ஒரு வாய், ஒரு நொடி, ஒரு நம்பர், அடுத்தது.

அத்தான் மட்டும் குடிப்பதாகவே இல்லை. கிளாசைப் பல்புக்கு நேராகப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“என்னப்பா, சுவருக்கு அடிக்கப் போறியா? வாயில ஊத்து” என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன்.

“கலர்லயே எல்லாம் தெரிஞ்சிடும்” என்றார் அத்தான். அப்போதே எனக்குப் புரிந்தது. இருபத்தாறு வருடம் சிவப்பைக் கலக்கிய மனிதர் தன் சொந்தச் சிவப்பைக் கண்டுபிடிக்காமல் இருப்பாரா? எது தன்னுடையது என்று பார்த்ததும் பத்தைப் போட்டுவிடப் போகிறார். இதை அக்காவும் யோசித்திருக்க வேண்டும். அவள் மூக்கு நுனி அந்த இன்னொரு நம்பருக்குப் போயிருந்தது.

இரண்டாவது வந்தது, போனது. மூன்றாவதைத் தூக்கிப் பிடித்ததும் அத்தான் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடி, “இதுல ஒரு நேர்மை இருக்கு” என்றார். “அவசரமில்லாம செஞ்சிருக்காங்க. கைப்பக்குவம் தெரியுது.” சீட்டில் எழுதும்போது ஒரு கோடு, ஒரு சுழி, எதிரே இருந்த எனக்கே பத்து என்று தெரிந்தது. எனக்கு அதில் நேர்மையும் தெரியவில்லை, கைப்பக்குவமும் தெரியவில்லை. இருமல் மருந்துக்குச் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. இருந்தாலும் பாவம், இரண்டு வருட உழைப்பு என்று நினைத்து ஆறு போட்டேன்.

நாலாவதும் சுமாராகக் கடந்தது. ஐந்தாவதை ஒரு வாய் குடித்ததும் அத்தான் பேச்சை நிறுத்திவிட்டார். முகம் தளர்ந்தது. காலையில் நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரி இருந்தார். பிறகு மெதுவாக அக்காவைப் பார்த்தார். அக்கா வழக்கமான வேகத்தில் எழுதாமல் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வாயும் குடித்தாள். உடனே அத்தான் முகம் இறுகிப்போனது.

“சே” என்றார். “ஈரச் சாக்கு வாசனை. செருப்பை ஊறப்போட்ட தண்ணி மாதிரி இருக்கு. இதையெல்லாம் எப்படி விக்கிறாங்க?”

“அவ்வளவு மோசமாவா இருக்கு?” என்று வாத்தியார் தன் கிளாசை முகர்ந்தார்.

“நாக்கு இருக்கிறவனுக்குத் தெரியும்.”

நாக்கு இல்லாதவன் என்று பெயர் வாங்க யாருக்கு மனசு வரும்? நான் எழுதியிருந்த ஆறை அடித்து நாலாக்கினேன். வாத்தியார் ஐந்தை மூன்றாக்கினார். எலக்ட்ரீஷியன் அண்ணன் மட்டும் ஏழு போட்டு, ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாத்தியார் சீட்டுகளைப் பிரித்துக் கூட்டினார். பரீட்சைத் தாள் திருத்துகிற கை, தப்பு வராது. “முதல் இடம் மூணாம் நம்பர். முப்பத்திரண்டு.”

அத்தான் எழுந்தே நின்றுவிட்டார். அக்காவின் தோளில் கை வைத்து, “மனசுல வெச்சுக்காத. போட்டின்னா ஒருத்தர்தான் ஜெயிக்க முடியும்” என்றார். அக்கா அந்தக் கையை எடுத்து மேஜையில் வைத்தாள். அண்ணி மூன்றாம் நம்பரின் டேப்பை உரித்தார். செய்தித்தாளுக்குள்ளிருந்து என் திருகு மூடிப் புட்டி, சூப்பர் மார்க்கெட் ஸ்டிக்கரோடு எட்டிப் பார்த்தது.

“இது... இவன் கொண்டுவந்ததா?” என்றார் அத்தான். நான் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே முதல் பரிசு இதுதான். அதையும் சந்தோஷமாக அனுபவிக்க விடாமல் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பல்பைப் பார்த்தார். தன் கிளாசைப் பார்த்தார். போய் ஜன்னல் திரையை விலக்கி, மூன்றாம் நம்பரைப் பகல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் தோள்கள் தொங்கிப்போயின. கடையில் பல்பு வெளிச்சத்தில் யாராவது நிறம் பார்த்தால் சண்டைக்குப் போகிறவர் அவர்.

“கடைசி இடம்” என்றார் வாத்தியார், தன் மாணவனுக்குச் சொல்கிற மாதிரி மெல்ல. “ரெண்டாம் நம்பருக்கு இருபத்தஞ்சு. அஞ்சாம் நம்பருக்கு இருபத்துநாலு. ஒரு மார்க்ல போச்சு.”

அண்ணி உரித்தார். உள்ளே பெயிண்ட் டப்பாவில் ஒட்டுகிற வெள்ளை ஸ்டிக்கர். அதில் அத்தானின் கையெழுத்தில் தேதி, ஈடு மூன்று, கீழே ஒரு நிற நம்பர்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. “யாருப்பா இதுக்கு ஒன்னு போட்டது?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார். யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒன்றுக்குப் பதிலாக ஒரு மூன்று போட்டிருந்தால் தப்பித்திருப்பார். வாயை மூடிக்கொண்டிருந்தாலும் தப்பித்திருப்பார். என் ஆறும் வாத்தியாரின் ஐந்தும் அப்படியே இருந்திருக்கும்.

“இதுல ஒரு ஒன்பதும் இருக்கு” என்றார் வாத்தியார்.

“நான்தான்” என்றாள் அக்கா.

நான் அவளைப் பார்த்தேன். “தெரிஞ்சே போட்டியாக்கா?”

“தெரிஞ்சிருந்தா சைபர் போட்டிருப்பேன்டா. எனக்கு பாத்ரூம் வேணாமா?” என்றாள். அவள் சிரிக்கவில்லை. தன்னிடமே யாரோ திருடிவிட்ட மாதிரி அந்தப் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தயம் பந்தயம்தான் என்று அத்தானே சொன்னார். அந்த விஷயத்தில் மனிதர் சுத்தம். வீடு இரண்டு தெரு தள்ளி. டிரம்மைத் தூக்க ஒரு கை வேண்டும் என்று நானும் கூடப் போனேன். உள்ளே இரண்டு வாரம்தான் ஆகியிருந்த நாலாவது ஈடு, டியூப் வழியாக ‘ப்ளுக்... ப்ளுக்...’ என்று விட்டுக்கொண்டிருந்தது. அத்தான் குனிந்து டியூபைப் பிடுங்கினார்.

“சாய்ச்சுப் பிடி மச்சான். கொட்டிடலாம்” என்றார். எனக்குக் கிண்டல் செய்ய நாலைந்து வாக்கியம் தயாராக இருந்தது; டிரம்மைச் சாய்த்துப் பிடித்தேன்.

அக்கா வாசலில் வந்து நின்றாள். “ஒன்னு கேக்கறேன். உண்மையைச் சொல்லணும்.”

“கேளு.”

“அஞ்சாம் நம்பரை வாயில வெச்சப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

அத்தான் டிரம் மூடியைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். “நல்லா இருந்துச்சு” என்றார்.

“அப்புறம் எதுக்கு ஒன்னு?”

“நீ வாங்கிட்டு வந்ததுன்னு நினைச்சேன். அது மேல வந்துடக் கூடாதேன்னு...”

“நான் வாங்கினதுன்னு எப்படித் தோணுச்சு? அதுவும் கலரைப் பாத்தா?”

“கலரைப் பார்க்கலை.” துணியை மடித்தார். “அவ்வளவு நல்லா இருந்துச்சு. நான் செஞ்சதா இருக்கும்னு தோணவே இல்லை.”

இரண்டு வருடம் கடை ஒயினையெல்லாம் தன் ஒயினின் காலைக் கழுவ வைத்த மனிதர் சொன்னது இது. அக்கா என்னைப் பார்த்து, “டேய், சாய்க்காத. கீழ வை” என்றாள்.

“பந்தயம்னா பந்தயம்” என்றார் அத்தான்.

“பாத்ரூம்ல இருக்கக் கூடாது. அவ்வளவுதான். படுக்கிற ரூம்ல என் பக்கம் மூலையில வைங்க. டியூபை முதல்ல சொருகுங்க, உள்ள காத்து போயிடப் போகுது.” சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு வந்து, நாங்கள் டிரம்மை வெளியே உருட்டியதும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு என் அக்கா அந்த பாத்ரூமில் குளித்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவே இல்லை. நடுவில் பாட்டுக்கூடக் கேட்டது.

டிரம்மைப் படுக்கையறை மூலையில் நிறுத்தி, அதன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தோம். ‘ப்ளுக்’ என்றது.

“மச்சான்” என்றார். “ஒன்பது போட்டிருக்கா.”

“ஆமா அத்தான்.”

“யாரோடதுன்னு தெரியாமலே.”

“ஆமா.”

“பத்துக்கு ஒன்பது.” பாத்ரூம் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார். “அந்த ஒரு மார்க்கை எதுக்குக் குறைச்சாள்னு நைசாக் கேட்டுச் சொல்றியா?”